அக்காவுக்கு ஒரு வரி

தாஷ்கந்து
ஹிஜ்ரி 1291, முஹர்ரம் பிறை 12

அன்புள்ள இக்லிமா அக்காவுக்குத் தம்பி நார்முராத் ஸலாம் சொல்லி எழுதுவது. நானும் ஸுலைகாவும் இங்கே அல்லாஹ்வின் கிருபையில் சுகம். புகாராவில் நீயும் பாபாஜான் மச்சானும் பிள்ளைகளும் சுகமா? உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மச்சானின் கோபம் எப்படி இருக்கிறது? இரண்டும் குளிரில்தான் ஏறும் என்பதால் சேர்த்தே கேட்டுவிட்டேன்.

அக்கா, எனக்குத் தலை சுற்றுகிறது. ரஷ்யாவின் வெள்ளை ஜாரின் படை இந்த ஊரைப் பிடித்து ஒன்பது வருடம் ஆகிறது. முதல் வருடம் வரியே கிடையாது என்றார்கள். நாங்களும் நம்பிச் சந்தோஷப்பட்டோம். அப்புறம் வரி வந்தது. அது என்ன வரி என்று கேட்டால், ஜகாத் என்கிறார்கள்! நம் ஜகாத்தேதான். பெயரும் அதே, கணக்கும் அதே. போன வாரம் வரிக் கச்சேரிக்குப் போய் துபாஷி ஃபக்ருத்தீனிடம் கேட்டேன். அவர் கசானிலிருந்து வந்த தாத்தாரியர். இரண்டு பாஷையும் தெரியும் என்பதால் இரண்டு பக்கமும் அவரை நம்புவதில்லை.

"நாப்பதுல ஒண்ணு. உங்க மார்க்கத்துல என்ன சொல்லியிருக்கோ அதேதான். உங்க வரிய உங்க பேர்லயே கேக்குறாங்க. இதுக்கு மேல என்ன மரியாதை வேணும் உங்களுக்கு?" என்றார்.

"அது ஏழைக்குக் குடுக்கிறதுங்க."

"கஜானாவும் இப்ப ஏழையாத்தான் இருக்கு. கட்டிட்டுப் போங்க."

கட்டிவிட்டேன். ரசீதில் கழுகு முத்திரை போட்டு, பெரிதாக ஜகாத் என்றே எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் பள்ளிவாசல் இமாமைக் கேட்டேன். பெயர் ஜகாத் என்றால் அது ஜகாத்துதான் என்றார். கீழைச் சந்தை இமாமைக் கேட்டேன். பெயரைப் பார்க்காதே, வாங்குகிற கையைப் பார் என்றார். என் கடை இரண்டு பள்ளிவாசலுக்கும் நடுவில் இருக்கிறது. நான் ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

வாப்பா காலத்திலிருந்து நம் கடையின் ஜகாத், நாம் பிறந்த தெருவுக்குத்தான் வரும். நான் தேயிலையும் துணியுமாக அனுப்புவேன், நீ வீடு பார்த்துக் கொடுப்பாய். இந்த வருடம் அனுப்பவில்லை அக்கா. கட்டியாகிவிட்டது. இரண்டு தடவை கொடுக்க நான் என்ன கிறுக்கனா?

மச்சானுக்கு ஒரு நல்ல சேதி. பம்பாய் வழியாக வரும் பச்சைத் தேயிலைக்கு இங்கே ஏகப்பட்ட கிராக்கி. கையில் இருப்பதையெல்லாம் கட்டிக்கொண்டு வரச் சொல். எல்லைச் சாவடியில் பயப்பட ஒன்றுமில்லை. புகாராவில் உங்கள் அமீருக்கு ஜகாத் கட்டிய ரசீதைக் காட்டினால் போதும். ஒரு வருடத்துக்கு ஒரு ஜகாத்துதானே? அங்கேயும் அதே பெயர், இங்கேயும் அதே பெயர்.

மச்சான் தம் கையால் எனக்கு ஒரு வரி எழுதினால் குறைந்தா போய்விடுவார்? இந்த ஊரில் எல்லோரும் என்னிடம் வரி கேட்கிறார்கள். நான் கேட்கும் வரி அது ஒன்றுதான்.

உன் துஆவை நாடும்,
நார்முராத்


புகாரா
1291, ஸஃபர் பிறை 9

அருமைத் தம்பி நார்முராத்துக்கு அக்காவின் ஸலாம். இங்கே எல்லோரும் சுகம். நவ்ரூஸ் பண்டிகைக்கு முளைக்கோதுமையை அரைத்துக் களி கிண்டிக் கிண்டிக் கை ஓய்ந்துவிட்டது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். என்னிடம் ஓத வரும் பெண்பிள்ளைகள் இப்படி எழுதியிருந்தால் பிரம்பை எடுத்திருப்பேன்.

உன் கடிதத்தை மச்சானுக்குப் படித்துக் காட்டினேன். சேதியை விட அந்த ஒரு வாக்கியம்தான் அவருக்குப் பிடித்துப்போயிற்று. "ஒரு வருஷத்துக்கு ஒரு ஜகாத்து. பார்த்தியா, உன் தம்பிக்கு மார்க்கம் தெரியுது. இவ்வளவு நாளா அவன் தேயில மட்டும்தான் தெரிஞ்சவன்னு நெனச்சேன்" என்றார். உன்னைப் புகழ்ந்து அவர் பேசி நான் கேட்டது இதுதான் முதல் தடவை. தேதி குறித்து வைத்துக்கொள்.

கையிருப்பு போதாதென்று காபூல் வியாபாரியிடமிருந்தும் தேயிலையைத் தவணைக்கு வாங்கிச் சேர்த்துவிட்டார். ஒட்டகக்காரர் ஜுமாநியாஸோடு அடுத்த வாரம் புறப்படுகிறார். உன் கடிதத்தைத் துணியில் சுற்றி ரசீதோடு சேர்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார். தம்பிக்கு ஒரு வரி எழுதுங்களேன் என்றேன். "நேர்ல பார்க்கப் போறவனுக்கு என்னத்த எழுதுறது?" என்றார்.

தெருவுக்கு வர வேண்டிய ஜகாத்தைப் பற்றி உன்னிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. கால் ஊனமான தண்ணீர்க்காரர் யோல்தாஷ் நேற்று வாசலில் நின்று கேட்டார்.

"தாஷ்கந்துத் தேயில இன்னும் வரலையா இக்லிமாம்மா?"

"இந்த வருஷம் ஜகாத்த ஜார் வாங்கிட்டாராம்."

அவர் தோல்பையை இறக்கி வைத்துவிட்டு உண்மையாகவே வருத்தப்பட்டார். "அடப் பாவமே. அவ்வளவு கஷ்டமா அவருக்கு?"

சிரித்துவிட்டேன். அவர் போன பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. நீ இன்னொரு இமாமையும் கேட்டுப் பார் தம்பி.

என்றும் உன் நலம் கேட்கும்,
இக்லிமா


தாஷ்கந்து
1291, ரபீஉல் ஆகிர் பிறை 3

அன்புள்ள அக்கா, ஸலாம். இங்கே சுகம். முசுக்கட்டைப் பழம் உதிர்ந்து வாசலெல்லாம் கறுப்பாகிவிட்டது. மச்சான் வந்தால் உட்கார வைக்கக் கட்டிலைக் கழுவி வைத்திருக்கிறேன். ஆனால் மச்சானைக் காணோம். புறப்பட்டாரா இல்லையா? ஜுமாநியாஸின் ஒட்டகங்கள் வந்துவிட்டன. அவற்றில் வேறு யாருடைய சரக்கோ இருந்தது. அவரிடம் கேட்டால், "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, அக்காவக் கேளுங்க" என்று ஒட்டகத்தின் பல்லைப் பார்க்கப் போய்விட்டார்.

இங்கே குழப்பம் முற்றிவிட்டது. பம்பாய்த் தேயிலைக்குத் தனிச் சுங்கம் என்று ஒன்றை ஏற்றியிருக்கிறார்கள். அவர்கள் நாட்டுத் தேயிலை வியாபாரிகளுக்கு நாம் விற்பது பிடிக்கவில்லையாம். அதோடு எல்லையில் ஜகாத்தை இன்னொரு தடவை கேட்கிறார்கள் என்றும் ஒரு பேச்சு அடிபடுகிறது. அப்படி இருக்காது என்கிறார் ஒருவர். அப்படித்தான் என்கிறார் இன்னொருவர். துபாஷியைக் கேட்டால், "இருக்கும், ஆனா இருக்காது" என்கிறார்.

ஆகவே தேயிலைக்காரர்கள் எல்லோரும் சந்தைத் தலைவர் ஈஷான்பாய் வீட்டில் கூடி, கவர்னருக்கு மனு எழுதுவதென்று முடிவு செய்தோம். எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

"நேரா எழுது தம்பி. எங்களுக்கு ரெண்டு ஜகாத் வேணாம், ஒண்ணு போதும்" என்றார் ஈஷான்பாய்.

"எந்த ஒண்ணுன்னு கேப்பான்" என்றார் பக்கத்துக் கடைக்காரர்.

"அவன் வாங்குறத நிறுத்தச் சொல்லு."

"அப்ப ஜகாத்த நிறுத்துங்கன்னு எழுதவா?" என்று கேட்டேன்.

"அதத்தானய்யா காலையிலேருந்து சொல்றேன். எழுது! பலாவ் ஆறுது."

எழுதினேன். எல்லோரும் முத்திரை வைத்தார்கள். ஃபக்ருத்தீன் அதை ரஷ்ய பாஷையில் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார். நல்லது நடக்கும் என்று நினைக்கிறேன். மச்சான் எங்கே இருக்கிறார் என்று உடனே எழுது. இங்கே விலை இறங்குகிறது.

நார்முராத்


புகாரா
1291, ஜமாதுல் அவ்வல் பிறை 20

அருமைத் தம்பிக்கு ஸலாம். நீயும் ஸுலைகாவும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன்.

மச்சான் வழியிலேயே திரும்பிவிட்டார். சுகமாக இருக்கிறார். அதிகம் பேசுவதில்லை. தேயிலையைப் பற்றி இப்போது ஒன்றும் கேட்காதே, இங்கே வெயில் அதிகம்.

என்னிடம் புதிதாக ஐந்தாறு பிள்ளைகள் ஓத வருகிறார்கள். நானேதான் வீடு வீடாகப் போய்க் கேட்டுச் சேர்த்தேன். சும்மா இருக்கப் பிடிக்கவில்லை.

தம்பி, உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நம் தெருவில் ஒரு பெண் இருக்கிறாள். பெயர் சொல்ல மாட்டேன், மானஸ்தி. நன்றாக வாழ்ந்தவள்தான். இப்போது அவள் வீட்டில் சீதனப் பெட்டியின் மேல் அடுக்கியிருந்த பஞ்சடைத்த ரஜாய்ப் போர்வைகள் ஒவ்வொன்றாகக் குறைகின்றன. கூரையைத் தொடும் அடுக்கு என் இடுப்புக்கு வந்துவிட்டது. பிள்ளைகளுக்கு ரொட்டி இருக்கிறது, அதில் தடவ ஒன்றும் இல்லை. உன் ஜகாத்தில் கொஞ்சம் அவளுக்கு என்று பிரித்து அனுப்ப முடியுமா? நிறைய வேண்டாம். குளிர் வருவதற்குள் வந்தால் போதும்.

முடியாது என்றால் அதையும் எழுது. நான் அவளிடம் சொல்லிவிடுகிறேன்.

இக்லிமா


தாஷ்கந்து
1291, ரஜப் பிறை 15

அன்புள்ள அக்கா, ஸலாம். உடம்புக்கு ஒன்றுமில்லை, மானம்தான் போய்விட்டது.

நாங்கள் எழுதிய மனு என்ன ஆனது தெரியுமா? துபாஷி அதைப் பெயர்த்துக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. தேநீர்க் கடையில் உட்கார்ந்து, நம் ஆட்களிடமே அதைப் பெருமையாகத் திருப்பிச் சொல்லியிருக்கிறார். ஜகாத்தை நிறுத்துங்கள் என்று தாஷ்கந்து முஸ்லிம் வியாபாரிகள் கையெழுத்துப் போட்டுக் காபிர் கவர்னரிடம் கேட்டார்களாம். அவ்வளவுதான். மறுநாள் காலை என் கடை வாசலில் முலாம்பழத் தோல் மலையாகக் கிடந்தது. பத்து வருடமாக என்னிடம் தேயிலை வாங்கும் கிழவர், என் முகத்தைப் பார்க்காமலே எதிர்க் கடைக்குப் போனார்.

காஜியார் கூப்பிட்டு விட்டார்.

"இஸ்லாத்துக்குக் கடமை எத்தன?"

"அஞ்சுங்க."

"நாலு போதும்னு கவர்னருக்கு எழுதினியாமே?"

சத்தியம் பண்ணினேன். நான் நிறுத்தச் சொன்னது ஜாரின் ஜகாத்தை, அல்லாஹ்வின் ஜகாத்தை அல்ல என்றேன். "ரெண்டும் வேற வேறன்னா, வருஷ ஆரம்பத்துல ஜாருக்குக் கட்டிட்டு ஜகாத் குடுத்துட்டேன்னு எல்லாருகிட்டயும் ரசீத காட்டினது யாரு?" என்று கேட்டார். ரசீது அப்போதும் என் பையில்தான் இருந்தது. ஈஷான்பாய் என் பின்னால் நின்றுகொண்டு, "எழுதினது இவன்தாங்க" என்றார்.

அக்கா, நீ சொன்ன பெண்ணைப் பற்றி. கோபித்துக்கொள்ளாதே. இந்த வருட ஜகாத்தைக் கட்டிவிட்டேன், ரசீது இருக்கிறது. இந்த நேரத்தில் இன்னொரு ஜகாத் கொடுத்தால், முதலில் கட்டியது ஜகாத் இல்லை என்று நானே ஒப்புக்கொண்டதாக ஆகும். கச்சேரியில் ஒரு மாதிரி, காஜியாரிடம் ஒரு மாதிரி மாட்டிக்கொள்வேன். அந்தப் பெண்ணுக்குக் கணவன் கிடையாதா? கை கால் இருந்தால் அவன் உழைத்துப் போடக் கூடாதா?

இத்தனை கலவரத்திலும் ஒரு நல்ல சேதி. குளிர்காலத்தில் ஸுலைகாவுக்குப் பிரசவம். உம்மாவின் சிவப்பு வெல்வெட் ரஜாயை ஜுமாநியாஸிடம் கொடுத்து அனுப்பு. நாம் எல்லோரும் அதில் கிடந்துதானே வளர்ந்தோம்? என் பிள்ளையும் அதில் கிடக்கட்டும்.

மச்சான் ஏன் இன்னும் ஒரு வரி எழுதவில்லை? என் மேல் ஏதாவது வருத்தமா?

நார்முராத்


புகாரா
1291, ரமலான் பிறை 4

தம்பிக்கு ஸலாம். நோன்பு நல்லபடியாகப் போகிறது. ஸுலைகாவைக் கனமான குடத்தைத் தூக்க விடாதே.

ரஜாயைப் பூச்சி அரித்துவிட்டது. ஸுலைகாவை வேறு தைத்துக்கொள்ளச் சொல்.

நீ கேட்டதற்குப் பதில். அந்தப் பெண்ணுக்குக் கணவன் இருக்கிறான். நல்ல மனிதன். ஒருவர் சொன்ன சொல்லை நம்பிக் கெட்டவன். இப்போது சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். பிள்ளைகள் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. உறவுக்காரர்கள் இரக்கப்பட்டுக் கொடுத்தால் தொட மாட்டான், வீட்டை விட்டே போய்விடுவேன் என்கிறான். யார் கொடுத்தாலும் தெருவுக்குப் பொதுவாக வரும் ஜகாத் என்றால், அது ஏழையின் பங்கு, அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை என்று சாப்பிடுவான். சட்டம் பேசுகிற பிறவி. அதனால்தான் உன்னிடம் ஜகாத் என்று கேட்டேன். வேறு எதையும் கேட்க எனக்கு வழியில்லை.

உன்னிடம் ரசீது இருக்கிறது, சரி. அவளிடம் என்ன இருக்கிறது?

இதைப் பற்றி இனி எழுத மாட்டேன்.

இக்லிமா


தாஷ்கந்து
1291, துல்ஹஜ் பிறை 2

அன்புள்ள அக்காவுக்கு ஸலாம். உன்னிடமிருந்து கடிதம் வந்து வெகுநாள் ஆகிவிட்டது. ஷவ்வாலில் ஒன்று எழுதினேனே, கிடைத்ததா? எனக்குப் பெண் பிறந்திருக்கிறாள். உம்மாவின் பெயரையே வைத்துவிட்டோம். ஸுலைகா சுகம். தொட்டிலில் பக்கத்து வீட்டு ரஜாயைத்தான் போட்டிருக்கிறோம்.

இங்கே என்ன நடந்தது என்று கேட்டால் சிரிப்பாயா அழுவாயா தெரியவில்லை. எனக்கே தெரியவில்லை. போன வாரம் சந்தையில் முரசடித்து அறிவித்தார்கள். "எல்லாரும் கேளுங்க! புது வருஷத்திலேருந்து ஜகாத் கிடையாது! மேன்மை தங்கிய கவர்னர் ஜகாத்த ஒழிச்சிட்டார்!"

ஒருவர் அழுதார். ஒருவர் தொப்பியை மேலே எறிந்தார். கீழைச் சந்தை இமாம் காதைப் பொத்திக்கொண்டு ஓடினார். எங்கள் மனு பலித்துவிட்டதா, அல்லது எங்கள் தலையில் பெரிய பாவம் ஏறிவிட்டதா என்று ஈஷான்பாய்க்கு விளங்கவில்லை. பயந்துகொண்டே ஒரு விருந்து வைத்தார். நாங்களும் பயந்துகொண்டே சாப்பிட்டோம்.

மறுநாள் இன்னொரு முரசு. ஜகாத்துக்குப் பதிலாக வியாபாரச் சீட்டு வாங்க வேண்டுமாம். அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். கடைக்குத் தகுந்தபடி முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம். என் கடையை அளக்க வந்தவர் கடையை அளக்கவில்லை. என் தொப்பையைப் பார்த்து இரண்டாம் தரம் என்று எழுதிவிட்டுப் போனார். முன்பு கட்டியதை விட இது அதிகம். இதைக் கட்டினால் ஜகாத் கொடுத்ததாக ஆகுமா என்று துபாஷியிடம் கேட்டேன். "அதத்தான் ஒழிச்சாச்சே, இன்னும் ஏன் அதையே பேசுறீங்க?" என்று எரிந்து விழுந்தார்.

உன் தெருப் பெண்ணிடம் சொல்லிவிடு அக்கா, ஜகாத்தையே ஒழித்துவிட்டார்கள் என்று. அவளாவது சிரிக்கட்டும்.

நீ ஏன் எழுதுவதில்லை? மச்சான்தான் எழுத மாட்டார். நீயுமா? ஒரே ஒரு வரி எழுது போதும்.

நார்முராத்


தாஷ்கந்து
ஹிஜ்ரி 1292, ஸஃபர் பிறை 1

அக்கா,

நலம் விசாரிக்க எனக்கு முகமில்லை. அதனால் ஸலாம் மட்டும்.

நேற்று ஜுமாநியாஸ் வந்தார். ஒட்டகத்தைப் படுக்க வைத்து இறங்கினார். அவர் உட்கார்ந்து வந்த இடத்தில் சேணத்தின் மேல் சிவப்பாக ஏதோ மடித்துப் போட்டிருந்தது. முதலில் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. ஓரத்தில் உம்மா பச்சை நூலால் போட்ட தையல் கண்ணில் பட்டது. நான் சின்ன வயதில் எரித்த ஓட்டையை அடைத்துத் தைத்தது.

"இது ஏது?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அக்கா வித்தாங்க. நான் வெல குறைக்கல, சத்தியமா. கேட்டதக் குடுத்தேன்."

"பூச்சி அரிச்சிடுச்சுன்னு எழுதினாளே."

"பூச்சியெல்லாம் இல்லீங்க. அந்த வீட்ல அரிக்கிறதுக்கு இதான் கடைசியா இருந்துச்சு."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். நீ அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தாயாம். அவர் மேல் கோபப்படாதே, நான்தான் அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன்.

எல்லைச் சாவடியில் ஜகாத் எங்கே என்று கேட்டார்களாம். மச்சான் அமீரின் ரசீதை எடுத்துக் காட்டினாராம். அது அமீருக்கு, இது ஜாருக்கு என்றார்களாம். "மத்த வியாபாரிங்க எல்லாம் முணுமுணுத்துக்கிட்டே கட்டிட்டுப் போயிட்டாங்க. நானும் சொன்னேன், கட்டிட்டுக் கிளம்புங்கன்னு. கேக்கல. ஒரு வருஷத்துக்கு ஒரு ஜகாத்துதான், அது அமீருக்கும் இல்ல ஜாருக்கும் இல்ல, அல்லாவுக்குன்னாரு. சும்மா சொல்லல, என் மச்சான் தாஷ்கந்துலயே வியாபாரம் பண்றான், அவனே எழுதியிருக்கான்னு இடுப்புலேருந்து உங்க கடுதாசிய எடுத்து அந்த அதிகாரி மூஞ்சிக்கு நேரா நீட்டினாரு. அந்த ஆளுக்கு நம்ம எழுத்து படிக்கத் தெரியாது. தலைகீழாப் பிடிச்சுப் பார்த்துட்டுக் குடுத்துட்டான்."

பொதிகளைத் திறந்த முற்றத்தில் இறக்கி வைத்தார்களாம். மழை பிடித்துக்கொண்டதாம். மச்சான் அவற்றின் பக்கத்திலேயே நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாராம், நியாயம் வரும் என்று. மழைதான் வந்தது. தேயிலை அழுகிப் புழுத்த பிறகு, இனி இதற்கு வரி வேண்டாம், எடுத்துக்கொண்டு போ என்றார்களாம். காபூல்காரருக்குத் தர வேண்டியதற்கு வீட்டில் இருந்ததெல்லாம் போயிற்றாம்.

அக்கா, அந்தக் கணவன் உழைத்துப் போடக் கூடாதா என்று நான் உன்னிடம் கேட்டேன். உன்னிடம்! நீ அதையும் படித்துவிட்டு, ஸுலைகாவைக் குடம் தூக்க விடாதே என்று எழுதினாய். அத்தனை பேருக்கும் மனு எழுதிக் கொடுத்தவன் நான். என் அக்கா எனக்கு எழுதிய மனுவை என்னால் படிக்க முடியவில்லை.

இப்போது கேள். இந்தக் கடிதத்தை வேறு யாரிடமும் கொடுக்கவில்லை, நானே கொண்டு வருகிறேன். உன் வாசலில் நின்று இதையெல்லாம் சொல்ல எனக்கு வாய் வராது. நீ படித்து முடிக்கும் வரை நான் யோல்தாஷோடு தெருவில் நிற்கிறேன். படித்துவிட்டு உள்ளே கூப்பிடு. கூப்பிடாவிட்டாலும் நிற்பேன்.

இரண்டு மூட்டைகளாகக் கட்டியிருக்கிறேன். ஒன்று தெருவுக்கு. அது ஜகாத். ஜார் ஒழித்தாலும் சரி, வைத்தாலும் சரி, அவருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் ஆகியிருக்கிறது.

இன்னொன்று உனக்கு. அது ஜகாத் இல்லை. அன்பளிப்பும் இல்லை, மச்சான் தொட மாட்டார். இரக்கமும் இல்லை, இரக்கப்பட எனக்கு யோக்கியதை கிடையாது. அது வரி. நான் கடைக்கு வரி கட்டுகிறேன், சரக்குக்கு வரி கட்டுகிறேன், தொப்பைக்கும் சேர்த்துக் கட்டுகிறேன். எதை யாருக்கு எதற்குக் கட்டுகிறேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. இந்த ஒன்றுதான் விளங்குகிறது. அக்காவுக்கு ஒரு வரி. தப்பாமல் வருடா வருடம். மச்சானிடம் சொல், வந்த வரியை வேண்டாம் என்று சொன்ன கஜானா உலகத்திலேயே கிடையாது. சட்டம் பேசுகிறவருக்கு இது புரியும்.

ரசீது கொடுத்துவிடு. ரசீது இல்லாமல் எனக்கு இப்போதெல்லாம் தூக்கம் வருவதில்லை.

நார்முராத்


புகாரா
1292, ரபீஉல் அவ்வல் பிறை 25

அருமைத் தம்பி நார்முராத்துக்கு அக்காவின் ஸலாம். ஸுலைகாவும் குட்டி உம்மாவும் சுகமா? நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். கேட்ட ரசீது இதோ.

புகாரா, அக்கா கச்சேரி. தாஷ்கந்து இரண்டாம் தர வியாபாரி நார்முராத்திடமிருந்து பெற்றுக்கொண்டது: மாவு, அரிசி, வெல்லம், தேயிலை, பிள்ளைகளுக்குத் துணி. இவை தவிர, தம்பி ஒருவன். வாசலில் நின்று நின்று வெயிலில் கொஞ்சம் கறுத்திருந்தான், மற்றபடி சேதமில்லை. இந்த வருட வரி முழுதும் வந்து சேர்ந்தது. முத்திரைக்குப் பதிலாக என் கட்டைவிரல்.

யோல்தாஷுக்கு உன் தேயிலையைக் கொடுத்தேன். "ஜாருக்குக் கஷ்டம் தீர்ந்துடுச்சா?" என்று விசாரித்தார். தீர்ந்துவிட்டது என்றேன். அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னார்.

ஜுமாநியாஸிடமிருந்து நீ மீட்டு எடுத்துக்கொண்டு போன ரஜாயை வெயிலில் போடு. ஒட்டக வாடை லேசில் போகாது.

மச்சானைப் பற்றி. நீ இருந்த நாளெல்லாம் அவர் திரும்பவே இல்லை என்று வருத்தப்பட்டுக்கொண்டு போனாய். நீ அவர் காலடியில் உட்கார்ந்து அழுததெல்லாம் அவருக்குக் கேட்டது. எனக்குத் தெரியும், அவர் தூங்கினால் குறட்டை விடுவார். அன்றைக்கு விடவில்லை.

நீ போன பிறகு ஒருநாள், தானே எழுந்து உட்கார்ந்து தேநீர் கேட்டார். நீ கொண்டு வந்ததைத்தான் போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "இது பம்பாய்த் தேயில இல்ல. யாரோ உன் தம்பிய நல்லா ஏமாத்தியிருக்கான்" என்றார். எத்தனை மாதம் கழித்து அந்தக் குரலைக் கேட்டேன் தெரியுமா? பிள்ளைகள் ஓதுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். நான் அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

பிறகு என் பேனாவைக் கேட்டார். நீ கேட்டுக்கொண்டே இருந்த அந்த ஒரு வரி கீழே இருக்கிறது. அவர் கை எழுதியது, நான் திருத்தவில்லை.

இக்லிமா

மச்சான், அந்தப் புது வியாபாரச் சீட்டு வருஷத்துக்கு ஒரு தடவையா, ரெண்டு தடவையா? இந்த முறை நல்லா விசாரிச்சு எழுது. — பாபாஜான்